சிவப்புப் பெட்டியும் கரித்துண்டும்

என் கைத்தொலைபேசி இன்னமும் சில நாட்களில் அந்தக் கடையின் பெயரைக் காட்டிச் சிணுங்குகிறது. கடையின் முகநூல் பக்கத்தில் நான் முன்பு எழுதிய ஒரு வரிக்குக் கீழே யாரோ புதிதாக எதையோ எழுதியிருப்பார்கள். ‘மட்டக்களப்புக்கும் வாங்க.’ ‘யாழ்ப்பாணத்துக்கு எப்ப?’ ‘கொழும்பில ஒரு பிராஞ்ச் போட்டா குறைஞ்சா போயிருவீங்க?’ என்று உரிமையோடு கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நான் எழுதியது இவ்வளவுதான்: ‘தயவுசெய்து வவுனியாவில் ஒரு கிளை திறக்கவும். அவசரம்.’ கடைக்காரர்கள் அதற்குச் சிரித்த முகம் ஒன்றைப் போட்டு ‘விரைவில்’ என்று பதில் எழுதியிருந்தார்கள். ‘அவசரம்’ என்ற சொல்லுக்குப் பலர் சிரித்திருந்தார்கள். பொரித்த கோழிக்கு என்ன அவசரம் என்று நினைத்திருப்பார்கள். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

அந்த வரியை அழித்துவிடுவது பெரிய வேலையில்லை. பல தடவை விரலை அதன்மேல் வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன். அதற்கு முதலில் இதயக் குறி போட்டது என் அக்கா.

கண்டியில் இருக்கிறவர்களுக்குக் கடையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘சிவப்புப் பெட்டி’ என்றால் போதும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, கண்டி டவுன், பேராதனை, திகன என்று பரவி, அத்தோடு நின்றுவிட்ட கடை. மாத்தளைக்கு ஏறவில்லை, மாவனல்லைக்கு இறங்கவில்லை. முதலாளிக்கு மகாவலி ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் கோழி கழுவ வராது என்று கம்பஸில் படிக்கும்போது பகிடி சொல்வோம். அரிசி மாவும் இடித்த மிளகும் பிரட்டிப் பொரித்த கோழி. அதே எண்ணெயில் முறுகிய கறிவேப்பிலை அதன்மேல் ஒரு கை. கூடவே மெத்தென்ற ஒரு பணிஸ் ரொட்டி. சோஸ் கிடையாது. உறைக்கிற கொச்சிக்காயும் வெங்காயமும் இடித்துத் தேசிக்காய் பிழிந்த கட்டச் சம்பலைச் சின்னக் கோப்பையில் மூடித் தருவார்கள். உண்மையில் சனம் அந்தச் சம்பலுக்காகத்தான் போகிறது.

எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது அக்காதான். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயம். அப்பாவும் அம்மாவும் கொழுந்து மலையில். அக்கா ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் படிக்கவேண்டும், அவள் உழைக்கவேண்டும் என்று வீட்டில் யாரும் கூடிப் பேசித் தீர்மானித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவள் வேலைக்குப் போனாள், நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருவன் பேராதனைக் கம்பஸுக்குப் போனபோது, அந்தச் செய்தியை லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். எனக்கே கூச்சமாக இருந்தது.

சம்பளம் எடுத்த மாலைகளில் அக்கா பேராதனையில் இறங்கி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கலஹா பஸ்ஸுக்கு வருவாள். நான் கம்பஸ் வாசலில் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. பொழுதுபட்ட நேரத்தில் பொரித்த இறைச்சியை வழியில் கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோனால் ஒரு கரித்துண்டோ ஒரு ஆணியோ உள்ளே போட்டுத்தான் கொண்டுபோகவேண்டும். இல்லாவிட்டால் வழியில் இருப்பது எதுவோ அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்துவிடும். அது என்ன என்று யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். பெட்டியை வாங்கியதும் அம்மா முதலில் கரியைத்தான் தேடுவார். அதை எடுத்து அடுப்பில் போட்டபிறகுதான் கோழி தட்டுக்கு வரும்.

அக்கா முதல் முறை அந்தக் கடையில் கரி கேட்டபோது மிகவும் வெட்கப்பட்டிருக்கிறாள். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கம்பனிக் கடை ஒன்றில் அதற்கு முன்பு கேட்டு, தொப்பி போட்ட பெண் ஒருத்தி விளங்காமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டதில் பட்ட வெட்கம். ஆனால் பேராதனைச் சிவப்புப் பெட்டிக் கடையில் கவுண்டரில் நின்ற முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக்காரர், கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். “கலஹாவா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய், அடுப்படியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து, ஈயத்தாளில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வைத்தாராம். நான் போகத் தொடங்கிய காலத்தில் கவுண்டருக்குக் கீழே ஒரு பழைய பால்மா டின் நிறையக் கரி இருந்தது. தெல்தோட்டைக்குப் போகிற சிங்களப் பெண்களும் ‘அங்குரு’ என்று கேட்டு வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடை ஏன் வேறு ஊருக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. இந்த ஊர்க் கடை என்பது எனக்கு அந்த டின்தான்.

எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. புதிதாகப் படித்தவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லவேண்டும் என்றிருக்குமே, அந்த வியாதி எனக்கும் இருந்தது. ஒரு மாலை பஸ்ஸில் அக்காவுக்கு விளக்கினேன். கரி மணத்தை உறிஞ்சும், முன்பெல்லாம் காட்டு வழியில் நரி பின்னால் வராமல் இருக்கத்தான் போட்டிருப்பார்கள், மற்றபடி ஒன்றுமில்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நரியோ பேயோ, ஒனக்கு என்னா? கரி போட்டா கோழி கொறைஞ்சிருமா?”

“அது எப்பிடிக்கா பஸ்ல வரும்? டிக்கட் எடுத்துக்கிட்டா?”

“ஒன்னைய மாதிரி சீசன் டிக்கட் வச்சிருக்கும்,” என்றாள். முன் ஆசனத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாகூடச் சிரித்துவிட்டார். பிறகு அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “படிச்சவன்!” என்றாள். அவள் அந்தச் சொல்லை அப்படித்தான் வைத்திருந்தாள், கேலிக்கும் பெருமைக்கும் ஒன்றாக.

அவளை வவுனியாவில் கட்டிக்கொடுத்தோம். மச்சானின் குடும்பமும் மலையகத்திலிருந்து போனதுதான். கலவரக் காலத்தில் போய், காணி வெட்டி, அங்கேயே ஊன்றிவிட்டவர்கள். மச்சான் அரிசி ஆலையில் லொறி ஓட்டுகிறார். நல்ல மனிதர். அக்கா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் வெயிலைப் பற்றிப் புலம்புவாள், பிறகு “நானா இருக்காரா? டின்னு இருக்கா?” என்று கேட்பாள். நான் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புவேன். “வயித்தெரிச்சலக் கொட்டிக்காத” என்று பதில் வரும்.

முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. இரண்டாவதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், “சரி, வைக்கிறேன்” என்பாள். அவளுடைய மாமியார், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளை தங்காததைச் சொல்லிக்காட்டுகிறார் என்று அம்மாவுக்குச் சேதி வந்தது. அம்மா அதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

மூன்றாவது, முந்தைய இரண்டும் கலைந்த மாதங்களைத் தாண்டிவிட்டது. வயிறு தெரியத் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் மெதுவாகத் தைரியம் வந்தது. அம்மா கோயிலுக்கு நேர்ந்து வைத்தார். ஆனால் அக்காவுக்கு ஒரு வாய் உள்ளே போகவில்லை. மற்றவர்களுக்கு ஆரம்பத்தில் வந்து போய்விடுகிற குமட்டல் அவளுக்குப் போகவே இல்லை. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி எடை நிறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை வளரவில்லை, பிடித்தது எதுவென்றாலும் பரவாயில்லை, சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அக்கா தானாக எனக்குத் தொலைபேசியில் எடுத்தாள். நான் கண்டியில் காப்புறுதி அலுவலகத்தில் இருந்தேன். வெளியே படிக்கட்டுக்கு வந்து பேசினேன்.

“தம்பி, சிரிக்கக் கூடாது. எனக்கு அந்தச் சிவப்புப் பெட்டிக் கோழி வேணும்போல இருக்கு.”

நான் சிரித்தேன், சந்தோஷத்தில். அவள் எதையாவது கேட்டு எவ்வளவு காலம். அங்கேயும் கோழிக் கடைகள் இருக்கின்றனவே என்றேன்.

“ஒங்க மச்சான் ஒரு கடை விடாம வாங்கியாந்துட்டாரு. மணம் பட்டாலே கொமட்டுது. அந்தக் கோழின்னா சாப்புட்டுருவேன்னு தோணுது. கட்டச் சம்பல் ரெண்டு கப் கேளு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சாப்புடணும் தம்பி. இந்தத் தடவ எப்பிடியாச்சும் சாப்புடணும்.”

அன்று மத்தியானம்தான் அந்த வரியை எழுதினேன். நடக்காது என்று தெரியும். என்றாலும் எழுதினேன். அது அவசரம்தான்.

அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் பயந்துவிட்டார். புள்ளத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும், உடனே கொண்டுபோ என்றார். பிறக்கிற பிள்ளை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் அவரிடம் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

வந்த சனிக்கிழமை புறப்பட்டேன். முதல் நாளே பேராதனைக்குப் போய் நானாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் கடை திறக்குமுன்பே பின்கதவால் என்னைக் கூப்பிட்டார். தூரப் பயணம் என்பதால் கோழியை நன்றாக முறுகப் பொரித்து, ஆறவிட்டு, தாளில் ஒற்றி எடுத்து அடுக்கியிருந்தார். சூட்டோடு மூடினால் வேர்த்துப் போகும் என்றார். சம்பலைத் தனியாக, பணிஸைத் தனியாக. பிறகு குனிந்து டின்னை எடுத்தார்.

“பகல்லதானே போறேன் நானா, கரி என்னத்துக்கு?” என்றேன்.

“பகல்ல போனாலும் போற எடம் தூரம்தானே மகன்.” ஒரு துண்டைச் சுற்றி வைத்தார். யோசித்துவிட்டு இன்னொன்றையும் சுற்றினார். “ஒன்டு தங்கச்சிக்கு. மத்தது புள்ளைக்கு. புள்ள பொறந்தா வந்து சொல்லுங்க, என்ன?”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டியிலிருந்து வவுனியா பஸ்ஸில் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே அந்த முதல் கடை தெரிந்தது. பெட்டியின் மணம் பஸ்ஸில் பரவி, பக்கத்தில் இருந்தவர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அவர் அனுராதபுரத்துக்காரர். எங்கள் பக்கம் இந்தக் கடை இல்லையே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். நான் அக்காவைப் பற்றி, கிளினிக்கைப் பற்றி, சம்பலைப் பற்றி முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சிங்களத்தில் வழி நெடுகப் பேசிக்கொண்டு போனேன். நான் மாமாவாகப் போகிறேன் என்றும் சொன்னேன்.

தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“வீட்டுக்குப் போக வேணாம் தம்பி. ஆசுபத்திரிக்கே வாங்க.”

“அக்கா?”

“அக்கா இருக்கா,” என்றார். பிள்ளை போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. நான் இறங்கித் திரும்பிப் போகவில்லை, பெட்டியை எங்கேயும் வைத்துவிட்டும் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மனிதர் வடை ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஆண் பிள்ளை. உயிரில்லாமல் பிறந்திருந்தது. வவுனியா ஆசுபத்திரியில், மச்சான் வாட்டுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்தபடி அதைச் சொன்னார். அவருடைய தாய் பக்கத்தில் நின்றார். என் கையிலிருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இந்த நேரத்தில கோழியா? எங்கயாவது போட்டுட்டு வாங்கோ,” என்றார். அதில் பிழை சொல்ல முடியாது. நான் பெட்டியைக் கதிரைக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டு உள்ளே போனேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் திரும்பினாள். அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

“கொண்டாந்தியா?”

வெளியே இருக்கிறது என்றேன். எடுத்து வா என்றாள். மாமியார் ஏதோ சொல்வது கேட்டது. மச்சான் அவரை அடக்கினார். நான் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே தடவினாள்.

“கரி போட்டாங்களா?”

“ரெண்டு போட்டாரு.”

ஏன் இரண்டு என்று அவள் கேட்கவில்லை. எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். கோழி குளிர்ந்து போயிருந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்து, சம்பலில் தொட்டு, மென்று, விழுங்கினாள். குமட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் அக்கா, போதும் என்று நான் கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கினாள்.

“சாப்புடச் சொன்னாங்கதானே,” என்றாள். “சாப்புடுறேன்.”

முழுவதையும் சாப்பிட்டாள். எலும்புகளை ஒழுங்காகப் பெட்டிக்குள் அடுக்கி மூடினாள். அதன்பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பிறகு ஊரில் எல்லோரும் காரணம் தேடினார்கள். லயத்தில் ஒரு அம்மா வந்து, பெட்டியில் கரி போட்டுத்தான் கொண்டுபோனாயா என்று என்னைக் கேட்டார். போட்டேன், இரண்டு போட்டேன் என்றேன். நான் எதை நம்பாமல் இருந்தேனோ அதையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கோழி போய்ச் சேருமுன்பே பிள்ளை போயிருந்தது. பெட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆனாலும் அந்தக் கடை வவுனியாவிலும் இருந்திருந்தால், அவள் கேட்ட அன்றே மச்சான் நடந்துபோய் வாங்கி வந்திருப்பார், அவள் சாப்பிட்டிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. டொக்டரிடம் கேட்டேன். அதனால் எதுவும் மாறியிருக்காது என்றார். அவர் படித்தவர், நானும் படித்தவன். அவர் சொன்னது விளங்கியது. விளங்கியபிறகும் நினைத்தேன்.

சில மாதம் கழித்து அக்காவை அம்மாவோடு கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நான் போய்க் கூட்டிவந்தேன். பேராதனையில் இறங்கினோம். மழை தூறியது, கலஹா பஸ் இன்னும் வரவில்லை. எதிரே கடை. நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான், “நனைஞ்சுக்கிட்டு நிக்கணுமா? அங்க போயி நிப்போம். அப்பா சாப்புடுவாரு, ஒரு பெட்டி வாங்கு,” என்றாள்.

நான் அதுவரை நானாவிடம் எதையும் போய்ச் சொல்லவில்லை. அந்தக் கடைப் பக்கமே போயிருக்கவில்லை. அவர் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து கவுண்டரை விட்டு வெளியே வந்தார். மாதங்களைக் கணக்குப் பார்த்திருப்பார். எங்கள் இருவர் கைகளையும் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

“வாங்க தங்கச்சி! எங்க நம்மட புள்ள? வீட்டுல வச்சிட்டா வந்த?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“இல்ல நானா. தங்கல.”

அவர் கையிலிருந்த இடுக்கியை மெதுவாக மேசையில் வைத்தார். வாய்க்குள் எதையோ ஓதினார். உள்ளே போய், தானே பொரித்து, தானே அடுக்கினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டியை மூடுமுன் வழக்கமான அந்தக் கை தானாகவே கீழே போய் டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஈயத்தாளில் சுற்றி, மூலையில் வைத்தது.

அக்கா அதை வெளியே எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். கோபமாக இல்லை. தேவையில்லாத சில்லறையைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

“இது வேணாம் நானா. பின்னாலயே வந்தாலும் எங்கக்கிட்டருந்து எடுத்துக்கிட்டுப் போக இனி என்னா இருக்கு?”

நானா கண்ணைத் துடைக்கக் கவுண்டர்த் துணியைத்தான் எடுத்தார். அதில் கொச்சிக்காய் இருந்திருக்கவேண்டும், திரும்பிக்கொண்டார். அப்போது பஸ் வந்தது. அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அந்தக் கரித்துண்டை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

பஸ் கம்பஸுக்குள்ளால் போனது. நான் முன்பு ஏறுகிற இடத்தில் மாணவர்கள் சிலர் கூச்சல் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஹிந்தகல தாண்டியதும் வளைவுகள் தொடங்கின, இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“கையில என்னா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

அவள் என் கையை இழுத்து விரல்களைப் பிரித்தாள். ஈயத்தாள் கிழிந்து, கரி நொறுங்கி, உள்ளங்கை முழுக்கக் கறுப்பாகியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. பழையபடி தலையில் தட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக மறுபடி மடக்கி மூடினாள்.

“படிச்சவன்,” என்றாள்.